பாலிஷ் அக்காவும் தம்பியின் டிரம்ஸும்

செயற்கைப் பல் செய்யும் லேபில் அவளுக்குப் பெயர் பாலிஷ் அக்கா. அங்கே மெழுகில் அச்சு எடுப்பவர்களுக்கு நாற்காலி உண்டு, பல் அடுக்குபவர்களுக்கும் உண்டு. கடைசியாக வந்து சேரும் பல் செட்டை மெஷினில் பிடித்துப் பளபளப்பாக்குகிறவள் மட்டும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். துணிச் சக்கரம் சுற்றச் சுற்ற, ஈரப் பொடியைத் தொட்டு ஒவ்வொரு பல்லின் இடுக்காகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சக்கரம் பல் செட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிடும். மாலையில் வீடு திரும்பி டம்ளரைக் கையில் எடுத்தால், கைக்குள் இன்னும் மோட்டார் ஓடுவது போலிருக்கும் அவளுக்கு.

யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லிவிடுகிற வாய் அவளுடையது. படுத்த படுக்கையான மாமியாரைக் கடைசிவரை அவள்தான் பார்த்தாள். கணவரின் அண்ணன்கள் இருவரும் வசதியாக இருந்தும், "உன் கைப்பக்குவம் வராதும்மா" என்று சொல்லியே தப்பித்துக்கொண்டார்கள். அவளுடைய அம்மா இறந்த பிறகு அப்பா ஒற்றைப் பையோடு வந்து சேர்ந்தார். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போன மகள் தன் பீரோவை அப்படியே விட்டுப் போனாள். எதிர்வீட்டுச் சாவிகூட அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். இரண்டே அறைகள் கொண்ட மாடி வீடு அது. ரயில் நிலையத்தில் சாமான்களை வைத்துவிட்டுப் போகும் அறை மாதிரி ஆகிவிட்டது என்று அவள் கணவர் அடிக்கடி சொல்வார். அவர் பேருந்து ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நேரமும் குறைவு, பேச்சும் குறைவு.

அந்தச் சாமான்களிலேயே பெரியது தம்பியின் டிரம்ஸ் செட்.

தம்பி அதை ஒரு பழைய ஹோட்டலிலிருந்து வாங்கினான். நடன மேடையை இடித்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் வாங்கியது. அவன் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது. சிவப்பில் மினுமினுக்கும் உறை, கனத்த மர உடம்பு, பட்டை பட்டையாக வெள்ளி மின்னும் வளையங்கள். தபால் துறை வேலையை விட்டுவிட்டு ஒரு மெல்லிசைக் குழுவில் அவன் சேர்ந்ததும் அந்த டிரம்ஸால்தான். அப்பா ஆலையில் போர்மேனாக இருந்தவர். தான் வாய் திறந்தால் ஆலையின் ஒரு பகுதியே அடங்கும் என்று பழகியவர். மகன் வேலையை விட்ட செய்தி வேறு யார் மூலமாகவோ அவர் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தவர் நேராகப் போய், கூடத்தில் நின்ற பெரிய டிரம்மை ஓங்கி உதைத்தார்.

கால் உள்ளே போய்விட்டது. முழங்கால்வரை போய், திரும்ப வரவில்லை.

இழுத்துப் பார்த்தார், கிழிந்த விளிம்பு காலைக் கீறியது. ஒற்றைக் காலில் நின்றபடி சுவரைப் பிடித்துக்கொண்டார். திட்டுவதற்காகத் திறந்த வாயிலிருந்து பேச்சு வரவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள், அழவா சிரிக்கவா என்று யாருக்கும் தெரியாது. தம்பிதான் மண்டியிட்டு உட்கார்ந்து, வளையத்தைச் சுற்றியிருந்த திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். வளையம் கழன்ற பிறகும் தோல் மட்டும் அப்பாவின் காலைச் சுற்றிச் சட்டைக் காலர் போல நின்றது. அதையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தான். அப்பாவின் கால் தரையைத் தொட்டதும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அன்று மாலையே ஒரு சிறிய வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிவந்து அக்கா வீட்டு வாசலில் நின்றான்.

"கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும்க்கா."

"ஆகட்டும்."

அந்தக் கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள், அக்காவின் மகள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள். தம்பி வேறு ஊரில் கார் ஓட்டக் கற்றுத் தருகிற வேலையில் அமர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டான். அக்காவுக்குத் தவறாமல் போன் செய்வான். அப்பா பக்கத்தில் இருந்தால், "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவான். டிரம்ஸ் பேச்சை எடுத்ததே இல்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் எடுத்தான்.

"அக்கா, டிரம்ஸ் எல்லாம் இருக்கா?"

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "இருக்கு."

"பழைய குழுவுல எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து வாசிக்கலாம்னு பேசிக்கிட்டோம். மண்டபம்கூடப் பாத்தாச்சு. மாசக் கடைசில வண்டி கொண்டு வரேன். பரவாயில்லையா?"

"ஆகட்டும்டா."

போனை வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலேயே உட்கார்ந்தாள். டிரம்ஸ் இருந்தது உண்மைதான். ஆனால் எங்கெங்கே இருந்தது என்பதுதான் சிக்கல்.

முன்பக்கம் திறந்து கிடந்த பெரிய டிரம் கீழ்த்தளத்துத் தையல்கடையில் இருந்தது. தையல்காரர் அதில் துண்டுத் துணிகளைப் போட்டுவைத்திருந்தார். தரையில் நிற்கும் டிரம் குளியலறை வாசலில் அழுக்குத் துணிக் கூடையாக நின்றது. சிம்பல் என்கிற பித்தளைத் தட்டை மாட்டும் ஸ்டாண்டு மாமியார் காலத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட உதவியது. நர்ஸே, "நல்ல உயரம்" என்று பாராட்டிய ஸ்டாண்டு. இப்போது அதில் கணவரின் யூனிஃபார்ம் தொங்கியது. சிம்பல்களில் பெரியதை வாட்ச்மேன் கேட் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குழாயில் தண்ணீர் வந்தால் அதைத் தட்டுவார், கட்டடம் முழுவதும் குடத்தோடு இறங்கும். ஸ்நேர் டிரம் என்கிற சின்னது மட்டும் துணி சுற்றிப் பரண்மேல் பத்திரமாக இருந்தது.

நடு டிரம் ஒன்று அப்பாவின் கட்டில் பக்கத்தில் இருந்தது. அதன் மேல்தான் அவருடைய ரேடியோ, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாம். அது என்ன என்று அவரும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து வசூல் தொடங்கியது. தையல்காரரிடம் பாதி நாள் பேச வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷமா என் கடையில இருக்கு. பெத்த புள்ளையைக் கேக்கற மாதிரி கேக்கறீங்களே."

"வேற பெட்டி தர்றேங்க."

"பெட்டி சதுரமா இருக்கும். துணி மூலையில மாட்டிக்கும். இது உருண்டை, கைய விட்டா எல்லாம் வரும்."

கடைசியில் மகளின் பழைய பிளாஸ்டிக் துணித் தொட்டி ஒன்றைக் கொடுத்து மீட்டாள். வாட்ச்மேனுக்கு ஒரு பழைய அண்டாவின் மூடி. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் கம்மிதான், ஆனா தண்ணியும் கம்மியாத்தானே வருது" என்று வாங்கிக்கொண்டார்.

சேர்த்துவைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் அவள் கண்ணில் பட்டது. வளையங்களில் துரு பூத்திருந்தது. அழுக்குத் துணியின் ஈரத்தில் தரை டிரம்மின் சிவப்பு உறை விளிம்பில் எழும்பி நின்றது. பெரிய டிரம்மின் மர வளையத்தில் தையல்காரர் அளவு நாடா மாட்ட ஆணி அடித்திருந்தார். உள்ளே சுண்ணாம்புக்கட்டிக் கோடுகளாக யாரோ ஒருவருடைய பேண்ட் அளவு.

"அவன்கிட்ட உள்ளதைச் சொல்லிடு," என்றார் கணவர், பூட்ஸைக் கழற்றியபடி.

"சொல்லலாம். இருக்குன்னு சொல்லிட்டேனே."

"இருக்குதானே."

"இப்படி இருக்குன்னு சொல்லலையே."

அவர் பூட்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். சட்டையை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லேபிலிருந்து வந்து, சமையலை முடித்து, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கூடத்தில் பழைய பாயை விரித்து உட்காருவாள். திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் மரைகளைத் துலக்குவாள். சின்னத் திருகுகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டு லேபுக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடும்போது மெஷினில் பிடித்து மின்ன வைத்தாள். தரை டிரம்மின் வளையத்தையும் ஒருநாள் தூக்கிக்கொண்டு போனாள். முதலாளி உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"பாலிஷ், இது எந்த யானைக்குப் பல்லு கட்டற கம்பி?"

லேபே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்த நேரத்தில் கை நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டது போலிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் வெள்ளிப் பூச்சு தேய்ந்துபோய், அடியிலிருந்து மஞ்சள் உலோகம் ஒரு கை அகலத்துக்கு எட்டிப் பார்த்தது. பல் செட்டில் தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். பூச்சில் அப்படி இல்லை, தேய்த்தால் போய்விடும். அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்று மாலை பேருந்தில் அந்த வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொஞ்சம் அழுதாள். வளையத்துக்காக இல்லை. அவ்வளவு களைப்பு.

அதற்குப் பிறகு மெஷின் பக்கம் எதையும் கொண்டுபோகவில்லை. மிச்சமிருந்த துருவை எண்ணெயும் துணியும் வைத்துக் கையாலேயே மெல்லத் தேய்த்தாள். எழும்பிய உறைக்கு அடியில் பசை தடவி, துணி உலர்த்தும் கயிற்றால் சுற்றிக் கட்டிக் காயவைத்தாள். ஆணித் துளைகளை மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்தாள். சிம்பல்களைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவினாள். அவற்றின் பச்சைக் களிம்பு முழுவதுமாகப் போகவில்லை. போகாவிட்டால் இருக்கட்டும் என்று விட்டாள்.

நடு டிரம்மை எடுக்க வேண்டிய நாள் வந்தது. அப்பாவின் கட்டில் பக்கம் போய் நின்றாள்.

"அப்பா, இதை எடுக்கணும்."

"எதை?"

"இதான். ரேடியோ வச்சிருக்கீங்களே. இது தம்பியோடது. வந்து எடுத்துக்கறானாம்."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ரேடியோவை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மாத்திரை டப்பாவை எடுத்தார். டிரம்மின் மேல்தோலில் டம்ளர் வைத்து வைத்துப் பதிந்திருந்த வட்டத்தைத் துண்டால் துடைத்தார். அது போகவில்லை. இன்னொரு முறை துடைத்துவிட்டு, "எடுத்துக்கோ" என்றார்.

மிச்சம் இருந்தது பெரிய டிரம்மின் கிழிந்த தோல். இசைக்கருவிக் கடைக்காரர் அளவைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார். "இது பழைய காலத்து அளவும்மா. இப்ப யாரும் செய்யறதில்ல. சொல்லி வைக்கலாம், எப்ப வரும்னு சொல்ல முடியாது." அதை வீட்டில் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் லேபிலிருந்து வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. வாட்ச்மேனைக் கேட்டால், "காலையிலேயே போனாருங்க, குடை எடுத்துட்டு" என்றார். அப்பா தனியாகத் தெருமுனையைத் தாண்டியே வெகுநாளாகிவிட்டது. கணவருக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, கேட்டுக்குள் ஒரு வெள்ளை வட்டம் நுழைவது தெரிந்தது. பழுப்புக் காகிதம் பாதி கிழிந்து தொங்க, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்கப்பா போனீங்க?"

"கெடச்சுது," என்றார். படியில் உட்கார்ந்தார். "நாலஞ்சு கடை ஏறி எறங்கினேன். ஒருத்தன்கிட்ட மேல மாட்டி வச்சிருந்தான், அழகுக்காம். எறக்குடான்னேன்." மூச்சு வாங்கினார். "பஸ்ல ஏறினா இதுக்கும் டிக்கெட் வாங்குன்றான் கண்டக்டர். உக்கார சீட்டு குடு, வாங்கறேன்னேன்."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உதைத்த விஷயத்தை அவரும் பேசவில்லை. அன்றைக்கு அந்தத் தோலை மாட்டும்போது மட்டும் எழுந்து வந்தார். மர வளையத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எதிர் எதிரா முடுக்கு. ஒரே பக்கமா போனா கோணிக்கும்" என்றார். ஆலையில் இயந்திரங்களுக்கு மூடி மாட்டிய பழக்கம்.

தம்பி சொன்ன நாளில் வந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது, தொப்பையும் வந்திருந்தது. செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றான். கூடத்தில் முழு செட்டும் நின்றுகொண்டிருந்தது, நடக்க இடமில்லாமல்.

"அக்கா."

"பாத்துக்கோ. எதுவும் காணாமப் போகல."

அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். தரை டிரம்மின் வளையத்தில் மஞ்சளாகத் தேய்ந்த இடத்தில் அவன் விரல் நின்றது.

"மெஷின்ல பிடிச்சேன். போயிடுச்சு."

"பரவாயில்லக்கா."

"நடு டிரம்ல டம்ளர் வட்டமும் இருக்கு. அப்பாவோடது. பெருசு தையல்கடையில இருந்துச்சு. சிம்பலைத் தட்டித்தான் இங்க தண்ணி பிடிச்சோம்." ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தான். அக்கம்பக்கத்துக்காக மெதுவாகவே தொடங்கினான். பெரிய டிரம்மின் மிதியில் காலை வைத்து ஒரு முறை மிதித்தபோது, அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கை தடுமாறியது, நிறுத்தினான், மறுபடி தொடங்கினான். உள்ளறையில் ரேடியோ நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல் வந்தது. "அந்தப் பெருசு கொஞ்சம் லூசா இருக்கு."

தம்பி குச்சியை மடியில் வைத்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு அறையின் பக்கம் திரும்பி, "அப்படித்தான்ப்பா இருக்கணும். இறுக்கிட்டா டம்முனு வராது" என்றான்.

"அப்பச் சரி."

அவ்வளவுதான். இத்தனை வருடத்துக்கு அவ்வளவுதான் பேசினார்கள். அக்கா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தபடி தம்பி சொன்னான். "ஒண்ணு சொல்லட்டுமாக்கா? அங்க என் வீடு ரொம்பச் சின்னது. பக்கத்து வீட்ல கைக்குழந்தை வேற. இன்னிக்கு எடுத்துட்டுப் போறேன். நிகழ்ச்சி முடிஞ்சதும் மறுபடி இங்கயே கொண்டு வந்து வச்சிடறேன். உன்ன மாதிரி யாரு இவ்ளோ பத்திரமா பாத்துப்பா?"

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளுடைய ஆகட்டும் என்ற பதிலை அவள் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டது போல இருந்தார்கள். கணவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

"வேணாம்," என்றாள்.

"என்னக்கா?"

"எடுத்துட்டுப் போ. திரும்பக் கொண்டு வராதே. எனக்கு முடியலடா." குரல் உயரவில்லை. தட்டுகளைக் கீழே வைத்தாள். "கோவமெல்லாம் இல்ல. வச்சிருக்க முடியல. அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, அறைப் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "அப்பாவையும் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போ."

செய்தித்தாள் சத்தம் நின்றது. தம்பியின் முகம் சிவந்தது. "வீடு சின்னதுக்கா," என்று மறுபடி தொடங்கியவன், இந்த வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "என் பை எங்க வச்சிருக்கே?" என்றார் அப்பா.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் ரேடியோவின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, நான் உங்கள..."

"தெரியும்மா. நீயும் எவ்ளோதான் பாப்பே." வயரைச் சுருட்டுவதிலேயே கண்ணாக இருந்தார். "அவன் பொண்டாட்டி சமையல் எப்படி இருக்கும்னு கேட்டியா?"

"காரம் கம்மிப்பா," என்றான் வாசலில் நின்ற தம்பி.

"நல்லதுதான். வயித்துக்கு ஆகும்."

வண்டி புறப்பட்டபோது அவள் மாடியிலிருந்தே பார்த்தாள். அப்பா முன்சீட்டில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதல் சில நாட்கள் அவளுக்கு நிம்மதியாக இல்லை. அப்பா இருமும் நேரத்துக்கு விழிப்பு வந்தது. மாத்திரை டப்பாவில் இரண்டு வகையை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பயந்து தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். "அவரே பாத்து எடுத்துக்கறார் அண்ணி, என்னையும் சரியா சாப்பிடச் சொல்லித் திட்டறார்" என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நாள் என்று போனவர் திரும்புகிற பேச்சையே எடுக்கவில்லை. டிரம்ஸைத் தம்பி தன் டிரைவிங் ஸ்கூல் கொட்டகையில், காருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அப்பா மாலையில் நடந்துபோய் அங்கே உட்காருகிறாராம்.

நிகழ்ச்சிக்கு அவசியம் போக வேண்டும் என்றுதான் இருந்தாள். புடவைகூட எடுத்துவைத்தாள். விடுமுறை நாள், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தாள். கூடம் காலியாக இருந்தது. காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னல்வரை தடையில்லாமல் போனது. கணவர் கிளம்பும் நேரத்தில் வந்து பார்த்துவிட்டு, எழுப்பாமல் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

போன் அடித்துத்தான் கண் விழித்தாள். வெளிச்சம் மங்கியிருந்தது.

"ஏன்க்கா வரல?"

"தூங்கிட்டேன்டா."

"என்னக்கா நீ. முன் வரிசைல ரெண்டு சீட்டு பிடிச்சு வச்சிருந்தேன். ஒண்ணுல அப்பா குடையை வச்சிருந்தார், யாரையும் உக்கார விடாம."

"ம். எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு இடத்துல சறுக்கிட்டேன். யாரும் கவனிக்கல. அப்பா கவனிச்சுட்டார்."

"சரிடா. நாளைக்குப் பேசலாம்," என்றாள். போனைத் தரையில் வைத்துவிட்டு, கையை நீட்டிப் போட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.